பின்னணிக் குரல் கொடுத்த வகையில் நேர்ந்தவை

பென்னாகரம்,
ஞாயிறு காலை.

மரியாதைக்குரிய மச்சான் அருண்குமார் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற கண்டக்டர் தீர்த்தகிரி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் தங்கள் தங்கை சுகுணாவும் சுகம். ஓசூரில் அனைவரும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறேன். போனில் பேசினால் மகள் எழிலரசி காதில் விழும் என்பதால் இக்கடிதம்.

தங்கள் மருமகள் எழிலரசி கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் குறும்படம் எடுப்பதும், அதனால் ஆறு மாதமாக நான் அவளோடு பேசாததும் தாங்கள் அறிந்ததே. போன வாரம் அவளே வந்து, "அப்பா, படத்துல வர்ற ஆளுங்கள அறிமுகம் பண்ண ஒரு குரல் வேணும். பஸ்ஸுல கத்துன குரல்தான் எனக்கு வேணும்"னா. போட்டிக்கு அனுப்ப ரெண்டே நாள்தான் இருந்துச்சு. வெளிச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு என்னைக் கம்பளிக்குள்ள உக்கார வெச்சுட்டா மச்சான், இந்த வெயில்ல!

முதல்ல கொடுமைக்கார மாமியார். நடிச்சது பக்கத்து வூட்டு கோவிந்தம்மாள். 'மருமகளைப் பட்டினி போடுபவள்'னு எழுதியிருக்குது. சுகுணா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப பத்து நாள் கஞ்சி கொண்டாந்த மகராசிய அப்படிச் சொல்ல வாய் வருமா? 'நிஜத்துல தங்கமான மனுசிங்க'ன்னு சேர்த்துட்டேன். அடுத்து திருடன். நம்ம தெரு முத்துராஜ். அவனுக்குப் பொண்ணு பாத்துட்டிருக்காங்க. 'சொந்தமா ரெண்டு ஏக்கர், கெட்ட பழக்கம் கெடையாது'ன்னு சொல்லிட்டேன். "அப்பா! திருடனுக்கு வரன் பாக்கறீங்களா?"ன்னு கத்துறா.

கடைசியா கதாநாயகி. எழிலே நடிச்சது. 'இவள் மல்லிகா, அப்பனால் கைவிடப்பட்டவள்.' மூணு தடவை படிச்சேன், மூணு தடவையும் 'அப்பனால்'லயே நின்னுட்டேன். நாலாவது தடவை, "கைவிடலைங்க. கோவத்துல இருந்தான், அவ்ளோதான்"னு வந்துடுச்சு. கம்பளிய வெலக்கிப் பாத்தா எழில் சுவத்தப் பாத்து நிக்கறா. "இருக்கட்டும்ப்பா"ன்னா. அப்படியே அனுப்பிட்டா.

என் உளறலால் படம் தோற்றால் பிள்ளை தாங்கமாட்டாள். ஆகவே தாங்கள் உடனே வந்து, ஓசூரில் ஏதாவதொரு கம்பெனியில் அவளைச் சேர்த்துவிடக் கேட்டுக்கொள்கிறேன். அக்காவுக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசியும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
தீர்த்தகிரி

பி.கு.: இதைத் தபாலில் போட மறந்து ஒரு வாரம் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. அதற்குள் படம் முதல் சுற்றில் தேறிவிட்டது. குரல் கொடுத்தவர் யார் என்று கேட்டார்களாம்! எனவே மேற்கண்ட எதையும் படிக்க வேண்டாம். கம்பெனி வேலை எதுவும் தேட வேண்டாம். அடுத்த படத்தில் ஒரு தாய்மாமன் வேஷம் காலியாக இருக்கிறது. தங்களை அறிமுகப்படுத்தும் வசனத்தை நானே எழுதிவிட்டேன். கோபப்படாமல் வந்து சேரவும்.