பண்டிகைக்கு பிரிண்டர் காவல்

இந்தப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போவதில்லை என்று பியோ கியூசிக் சபதம் எடுத்துக்கொண்டான். கொரியாவின் ஜொன்ஜு நகரில் பேனர் கடை வைத்திருப்பவனுக்கு வருஷத்தில் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு கிடைப்பதே அபூர்வம். அந்த மூன்று நாளும் அம்மா வீட்டில் உட்கார்ந்து, அண்ணனின் அறுவையைக் கேட்டு, வயிறு வெடிக்கத் தின்பது எவ்வளவு பெரிய கொடுமை! அவன் தின்கிற அத்தனை அடையையும் அடுப்படியில் குந்தி, இடுப்பொடிய வார்த்துப்போடுபவள் அவன் மனைவி ஹேரான். அதை யாரும் கொடுமை என்று சொல்வதில்லை. அதற்குப் பெயர் குடும்பப்பாங்கு.

கியூசிக்கின் ஆசை சின்னது. சிநேகிதர்களோடு போய், உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்க வேண்டும். காரணம்தான் பெரிதாக வேண்டியிருந்தது. கடையில் அவ்வளவு பெரிதாக இருந்தது பத்தடி அகல பிரிண்டர் ஒன்றுதான்.

"இந்தா பாரு ஹேரான். மூணு நாள் சும்மா போட்டா மை காஞ்சு, அதைப் பீச்சுற ஹெட்டு அடைச்சுக்கும். தினம் டெஸ்ட் பிரிண்ட் எடுத்துச் சுத்தம் பண்ணணும். ஒரு ஆள் இங்க இருந்தே ஆகணும்."

ஹேரான் தலை நிமிரவில்லை. கட்டர் வெட்டித் தள்ளிய கறிக்கடை ஸ்டிக்கரில், எழுத்துகளைச் சுற்றியிருந்த வேண்டாத பகுதியை ஊசிமுனையால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"போன வருஷம் விட்டுட்டுத்தானே போனோம்?"

"போன வருஷம் மெஷினுக்கு வயசு கம்மி."

"உங்களுக்கும்தான்."

"பேச்சை மாத்தாதே. இது ஆம்பளை வேலை. அதோட நாடி எனக்குத்தான் தெரியும்."

"நியாயந்தாங்க. அத்தைகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று வீடியோ காலைப் போட்டு நீட்டினாள்.

திரையில் மாமியார் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் வந்தா மெஷின் செத்துடும். முன்னோருக்குப் படைக்க அண்ணன் இருக்கான். அடை சுட ஹேரானை அனுப்பறேன்."

"அனுப்பறியா? அவ என்ன பார்சலா? சரி, நீ இருந்து என்னத்தைக் கிழிப்பே? காட்டு, பார்ப்போம்."

அங்கேதான் மாட்டிக்கொண்டான். இத்தனை வருஷமும் கடையை எட்டு மணிக்குத் திறந்தவள் ஹேரான். பிரிண்டரைத் துடைத்தவளும் அவளே. கியூசிக் பத்து மணிக்கு வந்து, மேஜைமேல் இருக்கும் டெஸ்ட் பிரிண்ட்டைப் பார்த்து "ம்" என்பான். அந்த "ம்"முக்குத்தான் முதலாளி என்று பெயர்.

பொத்தானை அழுத்தினான். நீலம் வந்தது, சிவப்பு வந்தது, மஞ்சள் வந்தது. கறுப்புக் கோடுகள் மட்டும் பல் விழுந்த வாய்போல் வந்தன. ஹெட்டைச் சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்தினான். பிரிண்டர் உறுமியது, மையைக் குடித்தது. மறுபடி எடுத்துப் பார்த்தால் கோடுகள் இன்னும் குறைந்திருந்தன. மூன்றாம் முறையும் அதே கதை.

"டேய், முன்னைவிடப் பல்லு கொட்டுதேடா!"

"இன்னைக்கு மெஷினுக்கு மூடு சரியில்லம்மா."

ஹேரான் எழுந்துவந்தாள். பஞ்சுக் குச்சியை நனைத்து, ஹெட் வந்து உட்காரும் ரப்பர் மூடியின் விளிம்பில் காய்ந்திருந்த மைப்பொருக்கைத் துடைத்தாள்.

"விளிம்பு அழுக்கா இருந்தா மூடி ஒட்டாது அத்தை. அப்புறம் எத்தனை தடவை உறிஞ்சினாலும் காத்துதான் வரும்."

ஒரே அழுத்து. கறுப்புக் கோடுகள் அத்தனையும் வரிசையாக வந்து நின்றன. அன்று காலை அவள் ஏன் அதைத் துடைக்காமல் விட்டாள் என்று கேட்கக் கியூசிக்குக்குத் தோன்றவில்லை.

"டேய், நீ சொன்னது சரிதான்" என்றாள் அம்மா. "ஒரு ஆள் இருந்தே ஆகணும். ஹேரான், நீ இரும்மா. இவன் வரட்டும்."

"அம்மா! அப்ப அடை யாரு சுடுறது?"

"மெஷினுக்கே நாடி பிடிக்கிறவனுக்கு அடையைத் திருப்பவா தெரியாது?"

பண்டிகைக்கு முந்தின நாள் அம்மா வீட்டு அடுப்படியில் கியூசிக் குந்தினான். மீன் அடை, சுரைக்காய் அடை, பாசிப்பயறு அடை. முதல் ஈடு கருகியது, இரண்டாவது பிய்ந்தது. சாயங்காலத்துக்குள் ஆறு கூடை நிரம்பியது. கியூசிக்குக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே அன்றுதான் தெரிந்தது. கொல்லைப்பக்கம் போய் மனைவிக்குப் போன் போட்டான்.

"மெஷின் எப்படியிருக்கு? நான் வேணா இப்பவே கிளம்பி வரட்டுமா?"

"எதுக்குங்க? காலையில ரெண்டு நிமிஷம் பார்த்தேன், முடிஞ்சுது. இப்ப குளியல் விடுதியில வெந்நீர்த் தொட்டியில ஊறிக்கிட்டிருக்கேன்."

"ரெண்டே நிமிஷமா?"

"ஆமாங்க. மை ஓடட்டுமேன்னு ஒரு பேனரும் அடிச்சு உங்க ஊர் பஸ்ல போட்டுவிட்டேன். அத்தைதான் கேட்டாங்க."

மறுநாள் விடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து கியூசிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எதிர்வீட்டுப் பெண்கள் கைதட்டினார்கள். ஒன்றும் புரியாமல் ஊர் எல்லைவரை நடந்துபோய்ப் பார்த்தான். இரண்டு கம்பங்களுக்கு நடுவே, பதினைந்தடி நீளத்தில் பேனர் காற்றில் படபடத்தது:

"வாழ்த்துகள்! பியோ வீட்டு இளைய மகன் கியூசிக் பண்டிகைச் சமையலைத் தாமே முன்வந்து ஏற்றுக்கொண்டார். இனி ஆண்டுதோறும்."