பதினோராம் வளைவில் தங்கவேலாயுதம்

மலைகளே, ஒதுங்கி நில்லுங்கள். சப்ரகமுவையின் ஓயாத மழையே, ஒரு நாழிகை பொறுத்திரு! நான்கு தலைமுறையாக எவர் முன்னும் குனியாத குடியின் மூத்த வாரிசும், ஐம்பத்து மூன்று வயதிலும் முப்பத்தொரு பல் குறையாதவரும், மூன்று கியரில் ஒன்று மட்டுமே வேலை செய்யும் கருஞ்சைக்கிளின் தலைவருமான தங்கவேலாயுதக் கங்காணி, றக்வானத் தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவு மலையில் ஞாயிறன்று புரிந்த பெரும்போரை உரைக்கப் புகுந்தோம். கடைத்தெருவில் இதைப் பலர் பலவாறு பேசுகின்றனர். அவர்களில் ஒருவரும் அன்று அங்கு இருக்கவில்லை.

போருக்குக் காரணம் பெண்ணும் அன்று, மண்ணும் அன்று, ஒரு பெயர். கங்காணியாரின் தந்தை தம் வாழ்நாள் முழுதும் அந்த மலைப்பாதையில் சைக்கிளைக் கையால் தள்ளிக்கொண்டே ஏறினார். ஏன் தள்ளினார் என்று எவரும் கேட்கவில்லை. பஜாரிலிருந்து அண்ணாந்து பார்த்தவர்கள், ஏற முடியாதவர் என்று தாமாகவே தீர்ப்பு எழுதி, அக்குடும்பத்துக்குத் ‘தள்ளுசைக்கிள் வீடு’ என்று பெயரிட்டனர். கங்காணியாரின் மகளைப் பெண் பார்க்கக் கேகாலையிலிருந்து வந்தவர்கள்கூட, பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்டார்கள். அன்று அவர் நெஞ்சில் மூண்ட தீ பின்னர் அணையவே இல்லை.

ஆகவே, அவிசாவளையில் தொடங்கி இரத்தினபுரி, பெல்மதுளை, கஹவத்தை கடந்து, றக்வானயில் பதினொரு வளைவு ஏறி, மேற்பிரிவு மைதானத்தில் முடியும் தொண்ணூற்றாறு கிலோமீற்றர் சைக்கிள் சவாரி அறிவிக்கப்பட்டதும் அவர் பெயர் கொடுத்தார். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும், மாரியம்மன் கோயில் மைக்கைப் பூசாரியின் கையிலிருந்து வாங்கி, மூன்று லய வரிசை வீடுகளின் சனமும் கேட்க முழங்கினார்:

“மலையடியில இருந்து உச்சி வரைக்கும் ஒரே மிதிதான்! நடுவுல கால மண்ணுல வச்சேன்னா நான் எங்கப்பனுக்குப் பொறந்தவனே இல்ல!”

மைக் ஒருமுறை வீறிட்டு, அதை ஆமோதித்தது.

ஞாயிறு விடியலில் அவிசாவளையில் அணிவகுத்த சேனையை என்னென்பது! பின்புறத்தில் பஞ்சு தைத்த கரிய கவசம் தரித்த கொழும்பு வங்கி அதிகாரிகள், சிறு பொதிகளில் அடைத்த பாகை உறிஞ்சியபடி உலோகப் புரவிகளைத் தட்டிக்கொடுத்து நின்றனர். அவர்கள் நடுவே, இருபத்தொரு கியரும் ஒளிரும் செருப்புமாக, றக்வான பஜாரில் ஆணியும் பெயின்ற்றும் விற்கும் ஜஸீல் முதலாளி தோன்றினார். கங்காணியாரின் சாரக்கட்டைக் கண்டு அவர் புன்னகைத்தார். பொறுக்கத்தகாத புன்னகை அது.

“என்ன கங்காணி, ஒங்கட அப்பாவப் போல நீங்களும் தள்ளிக்கிட்டா வரப்போறீங்க?”

கங்காணியார் சாரத்தை மடித்து இறுக்கிக் கட்டினார். கண்டவர் நடுங்கினர் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் ஒரு வங்கி அதிகாரி மட்டும் சற்றே விலகி நின்றார்.

வழியில் நிகழ்ந்தவற்றை விரித்தால் ஏடு கொள்ளாது. மதங்கொண்ட களிறெனப் பின்தொடர்ந்த தனியார் பஸ்கள் காதருகே பிளிறின. இரத்தினபுரிக்கு முன்பே மழை அம்புமாரி தொடுத்தது. பள்ளந்தோறும் சேற்று நீர் எழுந்து அவர் முகத்தை முத்தமிட்டது. கஹவத்தையில் தொண்டர்கள் நீட்டிய இரு கோழிக்கூட்டு வாழைப்பழங்களை அவர் இறங்காமலே வாங்கி, தோலை ஒழுங்காகக் குப்பைத்தொட்டியில் எறிந்தார். மலையடியை எட்டியபோது உச்சி வெயில். சபதம் தொடங்குமுன் மானங்காக்கத் தேயிலைச் செடியோரம் ஒரு நிமிடம் ஒதுங்கினார். அந்த ஒரு நிமிடத்தைக் காத்துக் கிடந்த அட்டை ஒன்று, அரணில் ஏணி சாத்தும் ஒற்றனைப்போல், அவர் இடது கணுக்காலில் ஏறிக்கொண்டது.

பிறகு தொடங்கியது ஏற்றம். முதல் வளைவில் சங்கிலி முனகிற்று. மூன்றாம் வளைவில் முழங்கால் முனகிற்று. கைப்பிடியை விட்டால் வண்டி சாயும் என்பதால், அட்டை பருத்து நாவற்பழமாவதை அறிந்தும், அதைத் தொடாமல் பொறுத்தார். நான்காம் வளைவின் மேட்டில், ஞாயிறு விடுமுறையில் இருந்த கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடி நின்றனர். ஆறு நாளும் அவர்களை விரட்டியவர் ஏழாம் நாள் அவர்களிடம் அகப்பட்டார்.

“கங்காணி! வெரசா, வெரசா! இன்னும் அந்த நெரையே முடியலையா?”

“நின்னு கத பேசாதீங்க கங்காணி, அரப்பேருதான் விழும், பாதிச் சம்பளந்தான்!”

மலை முழுதும் சிரித்தது. கங்காணியார் மிதித்தார்.

ஏழாம் வளைவில் ஊழ் அவர் பக்கம் சாய்ந்தது. இருபத்தொரு கியரும் ஒருசேரக் குழம்பி, சங்கிலி கழன்று, ஜஸீல் முதலாளி நடுவழியில் கரிபூசிய கைகளோடு குந்தியிருந்தார்.

“கங்காணி, இந்தச் சில்லக் கொஞ்சம் தூக்கிப் புடிச்சிட்டுப் போங்களேன்!”

“திரும்பி வரும்போது புடிக்கிறேன் மொதலாளி!”

அம்மன் மன்னிப்பாளாக, அவ்வேளை கங்காணியார் மணியையும் அடித்தார்.

பத்தாம் வளைவு கடந்தது. பதினோராம் வளைவில் உச்சி தெரிந்தது. அறுபது அடி தூரமே மிச்சம். தப்பு மேளம் முழங்கிற்று. கோயில் தலைவர் செவ்வந்தி மாலையை விரித்துப் பிடித்தார். துணைவியார் விஜயகலா குளுக்கோஸ் போத்தலைக் கொடிபோல் உயர்த்தி, “யாரையும் பாக்காதீங்க! மிதிங்க, எறங்காதீங்க!” என்று குரல் கொடுத்தார். ஒரு குடும்பத்தின் பெயர் இன்னும் பத்து மிதியில் துடைக்கப்பட இருந்தது.

அப்போது வளைவுக்கு அப்பாலிருந்து ஒரு ஹோர்ன் ஒலித்தது. பச்சை ஜீப். தோட்டத்தை ஆளும் துரையின் ஜீப்.

இங்கே தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். துரையின் வண்டி எதிர்ப்பட்டால் சைக்கிளில் இருப்பவர் இறங்கி, தலைப்பாகையை எடுத்து, ஓரமாக நிற்பது முன்னோர் கால முறை. துரை பங்களாவின் கண்ணில் படும் பாதையில் ஏறிச் செல்வதும் கூடாது. கங்காணியாரின் தந்தை தள்ளியது அதனால்தான். காலில் வலுவில்லாமல் அன்று. இன்று அந்த முறையை எவரும் கேட்பதில்லை. இப்போதைய துரை இருபத்தொன்பது வயதுப் பிள்ளை. “பஹின்ன எபா கங்காணி, எறங்க வேணாம்” என்று சிங்களத்திலும் தமிழிலும் எத்தனையோ முறை கெஞ்சியவர்.

ஆயினும் கால்கள் எவரையும் கேட்கவில்லை. வலது கால், இருக்கையைத் தாண்டி வந்து, மண்ணில் ஊன்றியது. இடது கால் அதன் அருகே வந்து சேர்ந்தது. கைகள் சைக்கிளை வடிகானோரம் சாய்த்தன; ஹெல்மெட்டைக் கழற்றி இடது கக்கத்தில் இடுக்கின. முதுகு நிமிர்ந்தது. வாய் தானே திறந்து, “சலாங்க தொர” என்றது.

தப்பு நின்றது. மாலை தாழ்ந்தது.

“ஐயோ, என்னங்க இது! எதுக்கு எறங்கினீங்க?” என்றார் விஜயகலா.

“சத்தம் போடாத. தொர வர்றாரு,” என்றார் கங்காணியார், தலை திருப்பாமல்.

மூச்சு முட்டி இறங்கினார் என்பவர்கள் வாயை மூடட்டும். மூச்சு இருந்தது. முழங்காலிலும் இன்னும் அறுபது அடிக்கு வலு இருந்தது. அவர் தளர்ந்து இறங்கியவர் அல்லர். மரியாதை தெரிந்த குடியில் பிறந்தவர். தந்தை நின்ற அதே நிமிர்வோடு, அதே கானோரத்தில், கணுக்காலில் குருதி வழிய, கல்லில் வடித்த காவல் வீரனென அவர் நின்றுகொண்டிருக்க, பச்சை ஜீப் மெல்ல அவரைக் கடந்து வளைவில் இறங்கிச் சென்றது.

ஜீப்பில் துரை இல்லை, டிரைவர் மட்டும் கேஸ் சிலிண்டர் மாற்ற பஜாருக்குப் போய்க்கொண்டிருந்தார்.