லென்சு அண்ணனும் ஓரத்தில் ஒளிந்த முகங்களும்

ஒரு பாட்டைக்கூடக் கேட்காமல் ராக் இசைக்கு அடிமையான ஆள் உலகத்திலேயே ஒருத்தர்தான். எழுபதுகளில், கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பின்னால், எங்கள் பேச்சிலர் அறையில் இருந்தார். லென்சு அண்ணன் என்று கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளத்தன்று கையெழுத்துப் போட மட்டும் பயன்பட்டது.

போல்ட் கம்பெனியில் அவருக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. போல்ட்டின் திருகு மரையில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் "ரிஜெக்ட்" என்று தூக்கிப் போட்டுவிடுவார். அதைக் கம்பெனியோடு விட்டாரா? மெஸ்ஸில் இட்லியையும் கண்ணாடி வைத்துப் பார்ப்பார். மெஸ்காரர் இவர் தலையைக் கண்டாலே லைட்டை அணைத்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமையானால் ரயிலேறி மூர் மார்க்கெட் போய்விடுவார். பழைய வெளிநாட்டு இசைத்தட்டுகளைக் கிளறி, உறையை மட்டும் உருவிக்கொள்வார்.

"தட்டு வாணாவா நைனா?" என்பார் கடைக்காரர்.

"அத நீயே வச்சிக்கோ. அதுல இன்னா இருக்குது பாக்கறதுக்கு? ஒரே கருப்பு!"

அறைச் சுவர் முழுக்க அந்த உறைகள்தான். அவருக்கு உயிரான ஒன்றில், நாலு மீசைக்காரப் பாட்டுக்காரர்கள் ரயில் மேடையில் நிற்பார்கள். பின்னால் உலகத்துப் பிரபலங்களெல்லாம் முண்டியடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள். விஞ்ஞானி, குத்துச்சண்டைக்காரர், சினிமாக் கோமாளி, நம்மூர்ச் சாமியார் ஒருவர்கூட உண்டு. அத்தனை முகங்களுக்கு நடுவே ஒரு பூனை ஒளிந்திருக்கிறதாம். அறைக்குப் புதிதாக வருகிறவனுக்கு அதுதான் பரீட்சை. பூனையைக் கண்டுபிடித்தால்தான் ஜன்னலோரம் பாய் விரிக்கலாம். நான் அந்த அறையில் இருந்த காலம் பூராவும் கக்கூஸ் பக்கம்தான் படுத்தேன்.

"பெரிய மூஞ்சிய எல்லாருந்தான் பாக்கறான். ஓரத்துல ஒளிஞ்சுகினு கீறவன யார்றா பாக்கறது?" என்று என்னைத் திட்டுவார்.

இந்த லட்சணத்தில் அவருக்கு முப்பத்தைந்து வயது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் கண்ணாடியை எடுத்துவிடுவார். ஒரு வீட்டில் பஜ்ஜியை ஆராய்ந்தார். இன்னொரு வீட்டில், மாமனாராக வேண்டியவரின் மோதிரக் கல்லைப் பார்த்து "ரிஜெக்ட்" என்றார். அப்புறம் யார் பெண் கொடுப்பார்கள்?

கடைசியாக மீஞ்சூரில் ஓர் இடம் வந்தது. "இதுவும் போச்சுன்னா அவ்ளோதாண்டா. எனக்குன்னு ஒரு ஊடு எழுதி வைக்கல போல" என்றார். பெற்றோர் இல்லாத மனிதர். துணைக்குக் கிளம்பினேன்.

"கண்ணாடிய மட்டும் எடுக்காதீங்கண்ணே" என்று ரயிலிலேயே சத்தியம் வாங்கினேன்.

சொஜ்ஜி வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு சாப்பிட்டார். தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்போதுதான் சுவரில் மாட்டியிருந்த பழைய கல்யாண குரூப் போட்டோ அவர் கண்ணில் பட்டது. சத்தியமாவது ஒன்றாவது! அடுத்த நிமிஷம் கண்ணாடியும் கையுமாகப் படத்தின் முன்னால் நின்றார்.

பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். "இன்னாப்பா, எங்க குடும்பத்துல இன்னா குத்தம் தேடறே?"

நான் செருப்பைத் தேட ஆரம்பித்தேன். அண்ணனுக்கு எதுவும் காதில் விழவில்லை.

"சார், இங்க பந்தக்காலு பின்னால ஒரு பொண்ணு ஒளிஞ்சுகினு எட்டிப் பாக்குது. ஒரு கண்ணும் ரிப்பனுந்தான் தெரியுது. யாரு சார் இது?"

"அங்க யாரும் கெடையாது. எத்தினி வருசமா தொங்கினு கீது, எனக்குத் தெரியாதா?"

உள்ளேயிருந்து பெண்ணே விடுவிடுவென்று வந்துவிட்டாள். "அது நான்தான் நைனா! சித்தி கல்யாணத்துல, கிழிஞ்ச பாவாடையோட நிக்காதன்னு தொரத்தி வுட்டீங்களே! நானும் போட்டோல கீறேன்னு எத்தினி தபா சொன்னேன்? யாருனா பாத்தீங்களா?"

அப்பா கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "ஆமாம்மா, நீதான்" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு இவரத்தான் புடிச்சிருக்குது" என்றாள் அந்தப் பெண். அண்ணன் கையில் கண்ணாடி இல்லாமல், வெறுங்கண்ணால் அவளைப் பார்த்தபடி நின்றார்.

எங்கள் அறைக்கு வந்து பார்த்த அன்றே அண்ணி அந்தப் பூனையைக் கண்டுபிடித்துவிட்டார். எனக்கு இன்றுவரை அகப்படவில்லை.

அவர்கள் கல்யாணத்தில் குரூப் போட்டோ எடுக்கும்போது எனக்கு முன்னால் ஒரு குண்டுப் பெரியப்பா வந்து நின்றுவிட்டார். படத்தில் என் இடது காது மட்டும்தான் விழுந்தது. போன மாதம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். உறைகளுக்கு நடுவே அந்தப் படம் இன்னும் தொங்குகிறது. வந்திருந்த ஒருவருக்கு அதைக் காட்டிக்கொண்டிருந்தார். மாலையும் கழுத்துமாக நடுவில் நிற்கும் தன்னைக் காட்டவில்லை. கண்ணாடியை நேரே ஓரத்துக்குக் கொண்டுபோனார்.

"இந்தக் காது கீது பாரு, இது என் தம்பி" என்றார்.

வெறும் காதை வைத்து என்னை அடையாளம் சொல்ல, எனக்கு இந்த உலகத்தில் வேறு ஆள் கிடையாது.