சருகுமானுக்குப் பதினேழு கேள்விகள்

ஒரு காட்டில், மரங்கள் பேச்சை நிறுத்திவிட்டு விலங்குகள் மட்டும் விடாமல் பேசிக்கொண்டிருந்த காலத்தில், செவந்தி என்றொரு சருகுமான் இருந்தது. முயலளவு உடம்பு, குச்சி குச்சியாய் நாலு கால். ஒருநாள் மதியம் அந்த நாலில் ஒன்று வேடன் வைத்த கண்ணியில் மாட்டிக்கொண்டது. வெயில் தாழ்ந்ததும் வேடன் சாக்கோடு வந்துவிடுவான். அதற்குள் யாராவது வந்தாக வேண்டும்.

நல்லவேளை, அந்தக் காட்டில் உயிர்காப்புச் சங்கம் ஒன்று இருந்தது. மைனா போய்த் தகவல் சொன்னது. சங்கத் தலைவர் பச்சோந்தி. சூழ்நிலைக்கேற்ப மாறத் தெரிந்தவரே தலைவராகலாம் என்று விதி வைத்தபோது போட்டிக்கே ஆளில்லை. எதையும் தெரிந்துகொள்ளும் ஆர்வமும் அதிகம். ஒரு கண் முன்னால் பார்த்தால் இன்னொன்று பின்னால் பார்க்கும். ஒவ்வோர் அடிக்கும் இரண்டு தரம் ஆடி யோசித்து அவர் வந்துசேர்வதற்குள் பொழுது சாய ஆரம்பித்துவிட்டது. கூடவே செயலாளர் பெருச்சாளி, தேக்கிலைப் படிவத்தோடு.

கண்ணியை முளைக்குச்சியில் கட்டியிருந்தது வெறும் சணல் கயிறு. பெருச்சாளிக்குப் பல் நமநமத்தது.

"தலைவரே, ரெண்டே கடி. செவந்தியக்கா தன் வீட்டுக்குப் போயிடும்."

"நாம தீர்வோட வரக்கூடாதுப்பா, கேள்வியோட வரணும்," என்றார் தலைவர். மூன்று நாள் பயிற்சி முகாமில் கற்றது.

கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். எந்தக் கால், மாட்டும்போது மனசில் என்ன ஓடியது, இதில் கண்ணியின் தரப்பு என்னவாக இருக்கும், வலிக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண். செவந்தி மரியாதையாகத்தான் பதில் சொல்லிவந்தது. பதினேழாவது கேள்வியில் மிச்சக் கால்களால் தரையைத் தட்டியது.

"ஐயா, வேடன் வர்ற நேரம். இந்தக் காலை எடுத்துவிடுங்க, மத்த மூணையும் மடக்கி உட்கார்ந்து பதில் சொல்றேன்."

தலைவருக்கு மகிழ்ச்சி. சூழ்நிலை மாறிவிட்டதாம், சங்கமும் மாற வேண்டுமாம். அங்கேயே இலக்கு திருத்தப்பட்டது. கண்ணியில் மாட்டியவரை மீட்பது என்றிருந்தது, கண்ணியில் இருப்பவருக்குத் துணையிருப்பது என்றானது. பெருச்சாளி அதை எழுதி முடிக்கவும் சருகு நொறுங்கும் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

பெருச்சாளி பக்கத்து வளைக்குள் பாய்ந்தது. தலைவர் சொன்னபடி துணையிருந்தார்; முளைக்குச்சியில் ஏறி, குச்சியின் நிறத்துக்கு மாறி.

வேடன் குந்தி உட்கார்ந்தான். சாக்கில் போடுவதற்காகச் செவந்தியின் காலில் இருந்த சுருக்கைத் தளர்த்திக்கொண்டே, மறுகையால் முளையைப் பிடுங்கப் போனான். முளை மெத்தென்று இருந்தது. ஒரு கண்ணை அவன் பக்கம் உருட்டி, வாயையும் பிளந்தது. பச்சோந்தி கடித்தால் பிழைக்க முடியாது என்று நம்பி வளர்ந்தவன் அவன். சாக்கைக்கூட எடுக்காமல் ஓடினான். தளர்ந்த சுருக்கிலிருந்து செவந்தி காலை உருவிக்கொண்டது.

தலைவர் இறங்கிவந்து பச்சையானார். வளையிலிருந்து எட்டிப்பார்த்த பெருச்சாளியிடம், படிவத்தில் மீட்பு ஒன்று என்று எழுதச் சொன்னார். பிறகு செவந்தியிடம் திரும்பி, "எப்படிம்மா வெளிய வந்தீங்க? தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு," என்றார்.

செவந்தி 'சேவை திருப்தி' என்ற கட்டத்தில் வீங்கிய காலை ஊன்றித் தடம் வைத்தது.

"வேடனைக் கேளுங்க. அவர்தான் ஒரு கேள்வியும் கேக்காம அவுத்துவிட்டார்."

நொண்டிக்கொண்டே புதருக்குள் நடந்து மறைந்தது.

நீதி: ஆபத்தில் மாட்டினால், காப்பாற்ற வந்தவர் கேட்பதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருங்கள்; அவிழ்த்துவிட வேடன் எப்படியும் வந்துவிடுவான்.