இரண்டாம் ஓலையில் நான் கேட்ட கேள்வி

சேசு மரி சூசை துணை

மண்டி மொஹல்லா, மைசூர்
29 ஜனவரி 1952

அன்புள்ள தம்பி குழந்தைசாமிக்கு அக்காள் மெட்டில்டா எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் இங்கே சுகம். கோலார் தங்கவயலில் நீயும் உன் பெண்சாதி மோலியும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். உன் மகள் செலினை விட்டுப் பிரிய மனமில்லாமல் அவள் கல்யாணத்தை நான் நடுக்கோவிலில் நிறுத்திவிட்டேன் என்று உனக்குத் தகவல் வந்திருக்கும். யார் எழுதியிருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நான் எதையும் நிறுத்தவில்லை. எழுந்து நின்றேன், ஒன்று கேட்டேன், உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிப் பூசையில் பங்குச் சாமியார், மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண அறிவிப்பில் இரண்டாம் ஓலை வாசித்தார். கொள்ளேகாலில் ஆசிரியராயிருக்கும் ஏசுதாஸ், 1926-ல் குண்டலுபேட்டையில் ஞானஸ்நானம் பெற்றவர், இந்தப் பங்கைச் சேர்ந்த நர்ஸ் செலினை மணக்க இருக்கிறார், விக்கினம் ஏதும் அறிந்தவர்கள் அதை வெளிப்படுத்தக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வாசித்துவிட்டுச் சற்று நிறுத்தினார். எல்லோரும் அந்த நேரத்தில் இருமுவார்கள், பிள்ளைகளை அதட்டுவார்கள். கடமை என்று ஒருவர் சொன்ன பிறகு இருமிக்கொண்டிருக்க எனக்குக் கன்னியர் மடத்துப் பள்ளியில் சொல்லித்தரவில்லை. எழுந்து, "சாமி, ஒரு கொஸ்டின். அந்த வருஷம் குண்டலுபேட்டையில் கோவிலே கிடையாதே, இவருக்கு எங்கே ஞானஸ்நானம் கொடுத்தார்கள்?" என்றேன். அப்போது அங்கே சர்க்கார் டாக்டராக இருந்தவர் உன் அத்தான். பூசை காண நாங்கள் மைசூருக்குத்தான் வரவேண்டியிருந்தது. எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

சாமியார் ஓலையை மடித்துக்கொண்டு பீடத்துக்குத் திரும்பினார். பூசை முடிந்து நான் வாசலுக்கு வருவதற்குள் மாப்பிள்ளை ஞானஸ்நானமே பெறாதவன் ஆகிவிட்டான். மாதா சொரூபம் இருக்கும் கெபியைத் தாண்டும்போது அவனுக்கு ஹானூரில் ஒரு பெண்சாதி இருந்தாள். நான் கடைத்தெருவில் வெற்றிலை வாங்கி வீடு சேர்வதற்குள் அவளுக்கு இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டன.

கொஸ்டின் என்ற சொல்லை இந்த ஊரில் ஒருவரும் ஒழுங்காகப் படிக்கவில்லை, தம்பி. முதற்பொருள், தெரியாததைக் கேட்பது. அடுத்தது ஒருவரை நிறுத்தி விசாரிப்பது, அது போலீசாருடைய வேலை. கடைசியில்தான் ஒன்று மெய்யா என்று ஐயுறுவது வருகிறது. நான் எழுந்தது முதற்பொருளில். அகராதியைத் திறந்து இதைச் செலினுக்கு விரல் வைத்துக் காட்டினேன்.

"சும்னே இருங்க அத்தை, டிக்‌ஷனரிய மூடுங்க. நீங்க அவரை நம்பலையா, இல்ல நான் போயிட்டா இந்த வீட்ல தனியா இருக்கணுமேன்னு பயமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றாள்.

ஆறு வருஷம் என் கையால் சாப்பிட்டவள். "ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்க வேண்டும்" என்றேன்.

நேற்றுக் காலை மாப்பிள்ளையின் தாயார் தேவம்மா பஸ் பிடித்து வந்துவிட்டாள். காப்பி கொடுத்தேன், தொடவில்லை.

"ஏனுங்கம்மா, எம் பையன் ஞானஸ்நானம் வாங்காதவன்னு கோயில்ல சொல்லிப்போட்டீங்களாமா?"

"சொல்லவில்லை. கேட்டேன்."

"கேக்கறவீங்க வூட்டுக்கு வந்து கேப்பாங்க. நாலு சனத்து முன்னால நின்னா அதுக்குப் பேரு கேக்கறதுங்களா? அப்ப நான் பெத்துப் படுத்துக் கெடந்தனுங்க. சாமியாரு வந்தாரு, டாக்டரம்மா பையனக் கையில வாங்கிக்கிட்டாங்க, தண்ணி ஊத்துனாங்கன்னு எங்க மாமியாதான் வந்து சொன்னாங்க."

"அந்த டாக்டரம்மா நான்தான். நான் யாரையும் கையில் வாங்கவில்லை."

"அப்ப நான் பொய் சொல்றனுங்களா? எங்க செத்துப்போன மாமியா பொய் சொன்னாங்களா? வர்ற ஞாயித்துக்கெழம மூணாம் ஓலை படிக்கலீன்னா நாங்க வேற பொண்ணு பாத்துக்கறோமுங்க" என்று சொல்லி, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிப் போனாள்.

என்னைப் பார்த்து, என் வீட்டிலேயே, பொய்க்காரி மாதிரி! எனக்கு ஞாபகம் தப்புமா? உன் ஒவ்வொரு பரீட்சை மார்க்கும் இன்றைக்கும் வரிசையாகச் சொல்லுவேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் சான்று வரும்வரை பெப்ரவரி பதின்மூன்றாம் தேதிக் கல்யாணத்தைத் தள்ளிப்போடு. தள்ளினால் இருபத்தேழில் தவக்காலம் தொடங்கிவிடும், ஈஸ்டர் வரைக்கும் கல்யாணம் கிடையாது, அவர்கள் காத்திருக்கமாட்டார்கள். தெரியும். செலின் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், வருகிறாள். குழம்பில் உப்புப் போதுமா என்றால்கூட, "கேள்வி கேக்காதீங்க" என்கிறாள். கண் வீங்கியிருக்கிறது. அதுவும் தெரியும். ஆனாலும் என் நினைவில் பிழை இல்லை என்று சாமியாருக்கு இன்று காலை எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

உனக்கும் மோலிக்கும் ஆண்டவர் நல்ல உடம்பையும் அதைவிட நல்ல புத்தியையும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காள்
மெட்டில்டா

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது கோவில் உபதேசியார் ஒரு பழைய ரெஜிஸ்டரைக் கொண்டுவந்தார். அந்த நாளில் குண்டலுபேட்டைக்கு மைசூரிலிருந்தே சாமியார் போய்வந்ததால் கணக்கெல்லாம் இங்கேதான் இருக்கிறதாம். 1926 ஜூன் மாதம், ஒரே காலையில் ஒன்பது குழந்தைகள். இடம், டாக்டர் வீட்டுக் கூடம். விசுவாசப் பிரமாணத்தைத் தப்பில்லாமல் சொல்ல வேறு ஒருத்தி இல்லாததால் ஒன்பதுக்கும் பிள்ளையை ஏந்தி நிற்கும் ஞானத்தாய் ஒருத்தியே. ஐந்தாவது ஏசுதாஸ். ஒன்பது இடத்திலும் என் கையெழுத்து. அழுகிற பிள்ளைகளை ஒவ்வொன்றாக வாங்கி வாங்கித் திருப்பிக் கொடுத்தது இப்போது நினைவுக்கு வருகிறது. முகம் ஒன்றும் நினைவில்லை.

செலின் எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு அம்மாவே நீங்கதானா அத்தை?" என்று சிரித்தாள். அன்றைக்கு அகராதியை மூடச் சொல்லி அவள் கேட்ட இரண்டில் எது மெய் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். உனக்கு எழுதத் தேவையில்லை.

தள்ளிப்போடச் சொன்னதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். மறுபடி எழுதினால் தபால் தவறிவிடும். நின்று கேட்டதற்கு, மூன்றாம் ஓலையின்போது நின்றே பதில் சொல்ல வேண்டும் என்கிறார் சாமியார். நான் எழுந்து நிற்கவா, வேண்டாமா? பெண்ணின் தகப்பன் நீ. சனிக்கிழமைக்குள் என் கையில் கிடைக்கும்படி கடிதமாக எழுது.