மூன்று நாளில் பதில்

பேரரசுகள் எழுந்தன, விழுந்தன. பூங்காக்கரைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் திரு. ரத்னவேல் மட்டும் முப்பத்தோரு ஆண்டுகளில் ஒரு கடிதத்துக்குக்கூடப் பதில் போடாமல் விட்டதில்லை. அதுவும் மூன்றே நாளில். மாடி வீட்டுக்காரர் நாற்காலியை இழுக்கிறார் என்று எழுதினாலும் பதில் வரும். நாற்காலியை இழுத்தவர் எழுதினாலும் பதில் வரும். இரண்டும் ஒரே பதில்தான். சமத்துவம் வேறென்ன?

திங்கட்கிழமைதோறும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் 'மக்கள் சந்திப்பு'. எண் வாங்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்து, குறையைச் சொன்னால் தொண்டூழியர்கள் மடிக்கணினியில் தட்டுவார்கள். எம்பி கையெழுத்திடுவார்.

ஸைஃப் அந்தத் தொண்டூழியர்களில் ஒருவன். சேவை உணர்வால் சேர்ந்தவன் அல்லன். அவன் மனைவி ருக்சார், நூலகத்துக்கு எதிரே சாலையைக் கடக்க ஒரு சிக்னல் விளக்கு கேட்டு நான்கு முறை எழுதினாள். நான்கு முறையும் மூன்றாம் நாளே பதில் வந்தது. ஐந்தாவது கடிதத்துக்கு முன், அதே இடத்தில் ஒரு வேன் அவளை அடித்துவிட்டது. போன மார்ச்சில். வெளியிலிருந்து கேட்டுக் கிடைக்காததை உள்ளேயிருந்து கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் ஸைஃப் சேர்ந்தான்.

உள்ளே போனதும் நிர்வாகத்தின் மேன்மை விளங்கியது. சிக்னல் விளக்கு கேட்டு அவனே கடிதம் தட்டினான். பதில் எழுதும் முறை வந்தபோது அதையும் அவனே தட்டினான்: 'தங்கள் கோரிக்கை உரிய கவனத்தில் கொள்ளப்பட்டுள்ளது.' எம்பி கையெழுத்திட்டார். மூன்றாம் நாள் அது அவன் வீட்டுக்கு வந்தது. பிரித்துப் படித்தான். எழுத்துப் பிழை இல்லை.

இந்த ஆண்டு எம்பி ஓய்வை அறிவித்தார். தேக்கா வட்டாரத்து உணவகம் ஒன்றில் விருந்து ஏற்பாடாயிற்று. 'தீர்த்துவைத்த தலைவர்' என்றொரு மலரும் தயாரானது. பிழைதிருத்தும் வேலையை, மூத்த தொண்டூழியர் சம்சுன்னிசா ஸைஃபிடம் கொடுத்தார். நாற்பது பக்கப் பட்டியல்: பெயர், குறை, தீர்வு.

பதினேழாம் பக்கத்தில் ருக்சார் இருந்தாள். குறை: சிக்னல் விளக்கு. தீர்வு: 'முழுமையாகத் தீர்க்கப்பட்டது.'

"அக்கா, விளக்கு இன்னும் போடலையே."

சம்சுன்னிசா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஆறு மாசம் அவங்ககிட்டேருந்து கடிதம் வரலைன்னா சிஸ்டமே குளோஸ் பண்ணிடும், தம்பி. நம்ம கையில இல்ல லா."

"அவ எப்படிக்கா எழுதுவா?"

ருக்சாரின் ஜனாஸாவுக்கு, அடக்கம்வரை வந்து அழுதவர்தான் அவர். கண்ணாடியை மறுபடி மூக்குக்கு இறக்கினார். "பிழை இருந்தா மட்டும் திருத்துங்க. நாளைக்கு பிரிண்டுக்குப் போகுது."

ஸைஃப் பிழையை மட்டும் திருத்தினான்.

விருந்தில் பிரியாணிக்கு முன் மலர் வெளியீடு. கையில் கொடுக்கும் தாளை முன்கூட்டிப் பார்க்காமல் உரக்க வாசிப்பது எம்பியின் முப்பத்தோரு ஆண்டு வழக்கம். அவருடைய பிரதியில் பட்டு நாடாவைப் பதினேழாம் பக்கத்தில் வைத்தவன் ஸைஃப். பெயருக்குப் பெயர் கைதட்டல் விழ, எம்பி கணீரென்று வாசித்துக்கொண்டே வந்தார்.

"ருக்சார். நூலகம் எதிரே சிக்னல் விளக்கு. தீர்வு: விளக்கு போடப்படவில்லை. கேட்டவர் அதே இடத்தில் வேன் மோதி இறந்துவிட்டதால் இனிக் கடிதம் வராது."

பழகிய கைகள் தட்டின. பிறகு ஒவ்வொன்றாக நின்றன.

எம்பி அந்த வரியை மனத்துக்குள் மறுபடி படித்தார். அருகிலிருந்த சம்சுன்னிசாவிடம் ஏதோ கேட்டார். மேடையிலிருந்து இறங்கி நேராக ஸைஃபிடம் வந்தார்.

"உங்க வைஃபா?"

"ஆமா சார்."

தோளில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது, அதில் நடிப்பு இல்லை. "இத நானே பர்சனலா பாக்குறேன்."

சொன்ன சொல் தவறாதவர். மூன்றாம் நாள் கடிதம் வந்தது. அச்சடித்தது அல்ல, முப்பத்தோரு ஆண்டுகளில் முதல் முறையாக எம்பி தம் கைப்பட எழுதியது. உறையின்மேல் ருக்சாரின் பெயர் இருந்தது.

'தங்கள் கோரிக்கை உரிய கவனத்தில் கொள்ளப்பட்டுள்ளது. விளக்கு வரும்வரை, சாலையைக் கடக்கும்போது தயவுசெய்து கவனமாக இருக்கவும்.'