கும்பகோணத்து ஹெச்.ஆர்.

வெளியூரில் வாழும் தமிழர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. போனில் யாராவது தமிழில் பேசிவிட்டால் போதும், மூளையைக் கழற்றி வைத்துவிட்டு "எந்த ஊரு?" என்று ஆரம்பித்துவிடுவோம். ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் பல வருடங்களாகக் குடியிருக்கும் எனக்கு அது கொஞ்சம் முற்றிய நிலையில் இருந்தது.

'வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை' என்ற விளம்பரத்தைப் பார்த்து வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன். உடனே ஹெச்.ஆர். மேடம் அழைத்தாள்.

"டைப்பிங் தெரியுமாக்கா?"

"தெரியும்."

"செலக்டட்!"

(இவ்வளவுதான் இன்டர்வியூ. காய்கறிக்காரர்கூட என்னிடம் இதைவிட அதிகமாகக் கேட்பார்.)

எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்ததோ பெருமை. அவளுக்குக் கும்பகோணமாம், எனக்கு மாயவரம். "அட, பக்கத்து ஊரு!" என்று உருகி, ஹைதராபாத் வந்தால் சாப்பிட வரச் சொல்லி அழைப்பே வைத்துவிட்டேன். போனை வைத்த கையோடு கேசரி கிளறி, அபார்ட்மென்ட் முழுக்கக் கொடுத்து, எனக்கு வேலை கிடைத்ததை அறிவித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கென்று கிடைத்த முதல் வேலை அல்லவா!

மாலையில் மேடம் மறுபடி அழைத்தாள். லேப்டாப் அனுப்ப டெபாசிட் கட்ட வேண்டுமாம். மகளின் காலேஜுக்காக நான் சேர்த்திருந்த சீட்டுப் பணம் மொத்தமும் அதற்கே போய்விடும். அப்படியும் கட்டத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை.

"வெள்ளிக்கிழமை வீட்டுலேருந்து பணம் வெளியே போகக் கூடாதும்மா. நாளைக்குக் குளிச்சிட்டு அனுப்பறேன்."

"போன்லதானேக்கா அனுப்பறீங்க?"

"போன் வீட்டுக்குள்ளதானே இருக்கு?"

"இன்னியோட ஆஃபர் முடியுதுக்கா!"

"கும்பகோணத்துப் பொண்ணு, உனக்குத் தெரியாததா? விளக்கு வைக்கிற நேரம் வேற."

அந்தப் பக்கம் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. (நெட்வொர்க் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.)

மறுநாள் குளித்து, சாமி கும்பிட்டு, போனை எடுத்தேன். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் என் மகள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, ஜாப் இச்சேவாளு டப்புலு எந்துக்கு அடுகுதாரு?"

வேலை கொடுக்கிறவர்கள் எதற்குப் பணம் கேட்கிறார்கள்? எனக்குத் தோன்றவே இல்லை. டெபாசிட்டை முதல் மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் பார் என்றாள். அப்படியே எழுதி அனுப்பினேன். அடுத்த நிமிடமே பக்கத்து ஊர்க்காரி என்னை பிளாக் செய்துவிட்டாள்.

சோபாவில் உட்கார்ந்தேன். பிறகு மகளைக் கட்டிக்கொண்டு சிரித்தேன், கொஞ்சம் அழுதேன். போனது கேசரிக்குப் போட்ட ரவையும் நெய்யும்தான். (மானத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. லிஃப்டில் பார்ப்பவர்கள் எல்லாம் "ஜாப் எலா உந்தி?" என்று வேலை எப்படிப் போகிறதென விசாரித்ததால் பல வாரங்கள் படியேறித்தான் போனேன்.)

என் வெள்ளிக்கிழமைச் சட்டத்தைக் கேலி செய்துகொண்டிருந்த கணவர் இப்போது வெள்ளிக்கிழமைகளில் கரண்ட் பில்கூடக் கட்டுவதில்லை. தெரியாத நம்பரிலிருந்து யார் பணம் கேட்டாலும், அது செவ்வாயோ ஞாயிறோ, என் மகள் போனைப் பிடுங்கிக்கொள்வாள். அவள் பிசிறில்லாமல் பேசும் ஒரே தமிழ் வாக்கியம் அப்போதுதான் வரும்:

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை மேடம்!"